இரண்டு வினாடி

ஆறரை மணி ரயில் கடலோரமாய்ப் போகும்போது
என் மேசை நடுங்கும்.
ஹார்ட் டிஸ்க்கை உள்ளங்கையால் அமத்திப் பிடிப்பேன்.
வெள்ளவத்தை, சாறிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
கொம்பியூட்டருக்கு ஒரு ஃபான், எனக்கு ஒன்று.
இரண்டுக்கும் சுருதி சேராது.

துவாரகாவின் கலியாணம்
நாலு பைகளில் வந்து சேர்ந்தது.
நிலங்கவின் பெரிய கமரா.
அவன் தம்பியின் பழைய கமரா, யாராவது கையசைத்தால்
விரல்கள் சீப்புப் பல்லாய்ப் பிளக்கும்.
தோழியின் ஐபோன்.
பந்தியை மட்டும் நெட்டுக்குப் பிடித்த
பெயர் தெரியாத ஒரு பொடியன்.

ஒன்றுக்கு வினாடிக்கு இருபத்தைந்து படம்,
ஒன்றுக்கு ஐம்பது.
ஃபோன்களுக்கு அப்படி வாக்கு ஒன்றும் இல்லை,
வெளிச்சம் மங்கினால் இருபத்துநாலு,
மனம் வந்தால் முப்பது.
வெட்டப் போனால் மென்பொருள் மூச்சடைத்து
வெள்ளையாகி நிற்கும்.

'எம்கேவி என்றிருக்கிறதை அழிச்சுப்போட்டு
எம்பி ஃபோர் என்று எழுதினால் சரிதானே?'
கேட்டவர் மாப்பிள்ளையின் அண்ணன் வாகீசன்.
நூறாம் நம்பர் பஸ்ஸுக்கு
நீர்கொழும்பு என்று போர்டு மாட்டினாலும்
அது பாணந்துறைக்குத்தான் போகும் அண்ணை.

ஆகவே இரவிரவாகக் கன்வேர்ட்.
பத்து ஜிபி நாற்பதாக ஊதும்.
ஊதினதால் அழகு கூடாது, வெட்டச் சுகம், அவ்வளவுதான்.
அறுபத்துமூன்று வீதத்தில் கரண்ட் போனது.
யூபிஎஸ் கோழிக்குஞ்சாய்க் கத்தி ஓய்ந்தது.
கரண்ட் வந்ததும் பூச்சியத்திலிருந்து.

பிறகுதான் கண்டேன், தாலி இல்லை.
'ஐயோ சொறி நங்கி, காட் ஃபுல்' என்றான் நிலங்க.
அவன் தம்பியின் கமராவில்
பட்டு வேட்டிகளின் முதுகுகள்.
மேளச் சத்தம் மட்டும் துல்லியம்.

ஐந்தாவது பை வட்ஸ்அப்பில் வந்தது.
ஸ்கார்பரோவிலிருந்து குணபாலசிங்கம் மாமா
வீடியோ கோலில் பார்த்துக்கொண்டே
தன் ஃபோன் திரையைப் பதிந்து வைத்திருக்கிறார்.
மூன்று முறை கசக்கிப் பிழிந்த படம்.
பொட்டும் மூக்குத்தியும் ஒரே சதுரம்.
ஆனாலும் இருக்கிறது,
மஞ்சள் கயிறு, மாப்பிள்ளையின் தடுமாறும் கை,
பின்னாலிருந்து தலைமுடியை ஒதுக்கிக் கொடுக்கும் யாரோ.

மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் மாமா.
வேலையால் வந்த ஜாக்கெட்டைக் கழற்றவில்லை.
அவருக்குப் பின்னால் மைக்ரோவேவில்
இரவு பதினொன்று நாற்பத்தேழு.

'ஃபோர் கே ஆக்கித் தாங்கோ, அந்தப் பெட்டியையும் வெட்டிவிடுங்கோ.'
ஆக்கலாம்.
ஒரு சுண்டு அரிசியை அண்டாவில் போட்டாலும்
ஒரு சுண்டுதான்.

படத்தை இருபத்தைந்துக்கு நிலைப்படுத்தினேன்.
தம்பியின் கமராச் சத்தத்தை எடுத்து
கெட்டிமேளம் எழும்புகிற கூரிலே
முடிச்சு விழும் பிரேமைக் கொண்டுபோய் வைத்தேன்.
அப்போதுதான் புரிந்தது.
கடல்களைத் தாண்டி
அவருக்குத் தாலி இரண்டு வினாடி பிந்தித்தான் கட்டப்பட்டது.
அன்று அவர் கண்ணைத் துடைத்தபோது
இங்கே எல்லோரும் அரிசி எறிந்து முடித்திருந்தார்கள்.
நான் தாலியை இழுத்தபோது
மாமாவும் கூட இழுபட்டு வந்துவிட்டார்.
இப்போது என் ரைம்லைனில்
பம்பலப்பிட்டி மண்டபத்தில்
மேளம் எழும்ப, கயிறு விழ, அவர் கண் துடைக்கிறார்,
நேரத்துக்கு.

பெட்டியை வெட்டினது ஒன்று, வெட்டாதது ஒன்று.
இரண்டையும் அனுப்பினேன்.
கடைசி. கடைசி இரண்டு.
இரண்டு நாள் நீல நிறச் சரி மட்டும்.

மூன்றாம் நாள் வாகீசன்:
'ரெண்டாவதையே போடுங்கோ.
எட்டுப் பென்டிரைவ்.
ஒன்று மாமாவுக்கு. அவற்ரை ரீவீ பழசாம்,
இந்த போர்மட் எடுக்காதாம்.'

என்ன மொடல் என்று கேட்டேன்.
தெரியாதாம். பின்பக்கத்தைப் படமெடுத்து
அனுப்பச் சொன்னேன்.
படம் வந்தது, ஆட்டத்தில் எடுத்தது,
எண்கள் ஒன்றும் தெரியவில்லை.
மூன்று போர்மட்டிலும் கன்வேர்ட் போட்டுவிட்டு
கொத்து வாங்கக் கீழே இறங்குகிறேன்.